இருளைக் காட்டிய சில வாரங்கள்: 'தமஸ்' தொலைக்காட்சி நாடகம் உருவான வரலாறு

நீளம் ஒரு படைப்பின் தகுதிக்கு அளவுகோல் ஆகாது என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். ஈரடிக் குறளும் சில அடிகளே கொண்ட குறுந்தொகைப் பாடல்களும் அதற்குச் சான்று. தொலைக்காட்சி என்னும் புதிய ஊடகத்திற்கும் இது பொருந்தும். ஆண்டுக்கணக்கில் நீண்டு, முடிந்த மறுவாரமே மறக்கப்பெற்ற தொடர்கள் பல. சில வாரங்களே ஒளிபரப்பாகி, பல்லாண்டு பேசப்பெற்றவை மிகச் சில. அவற்றுள் ஒன்று, 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'தமஸ்' என்னும் இந்தி நாடகத் தொடர்.

ஆறு பகுதிகள், ஏறத்தாழ ஐந்து மணி நேரம்: இதுவே அத்தொடரின் முழு அளவு. அந்தச் சில வாரங்களுக்குள் அது இரண்டு நீதிமன்றங்களின் படிகளில் ஏறி இறங்கியது. தெருவில் எதிர்ப்பைச் சந்தித்தது. அதன் இயக்குநர் காவல்துறைப் பாதுகாப்புடன் வாழ நேர்ந்தது. இத்தனைக்கும் அடிப்படையாக இருந்த வினா ஒன்றே. தம் கடந்த காலத்தின் கொடுமையை நேருக்கு நேர் காணும் ஆற்றல் மக்களுக்கு உண்டா என்பதே அது. எழுத்தாளர், இயக்குநர், நீதிபதிகள் ஆகிய மூவகையினரும் இவ்வினாவிற்குத் தத்தம் துறையில் நின்று விடை கூறினர். அவ்விடைகளின் வரலாறே 'தமஸ்' உருவான வரலாறு எனலாம்.

பிண்டியும் பிவண்டியும்

'தமஸ்' தொடருக்கு மூலமானது பீஷ்ம சாஹ்னி அதே பெயரில் எழுதிய இந்திப் புதினம். சாஹ்னி 1915இல் இராவல்பிண்டியில் பிறந்தவர். புகழ்பெற்ற நடிகர் பல்ராஜ் சாஹ்னி அவருடைய தமையனார். பிரிவினைக்கு முந்திய ஆண்டுகளில் பீஷ்ம சாஹ்னி தம் ஊரில் காங்கிரசுத் தொண்டராகப் பணியாற்றினார். 1947 மார்ச்சுத் திங்களில் இராவல்பிண்டி நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பெருங்கலவரம் மூண்டபோது, நிவாரணப் பணியில் ஈடுபட்டு அழிவை நேரில் கண்டார். அக்கலவரத்தின்போது தோஹா கால்சா என்னும் ஊரில் சீக்கியப் பெண்கள் பலர் தம் மானம் காக்கக் கிணற்றில் வீழ்ந்து உயிர் நீத்தனர். அந்நிகழ்ச்சியின் நிழலைப் புதினத்திலும் நாடகத்திலும் காணலாம். அதே ஆண்டு ஆகத்தில் விடுதலை விழாவைக் காணத் தில்லிக்குச் சென்ற சாஹ்னிக்குப் பிறந்த ஊர் வேற்று நாடாயிற்று.

கண்ட கொடுமையை அவர் உடனே எழுதிவிடவில்லை. ஆசிரியப் பணி, மாஸ்கோவில் மொழிபெயர்ப்புப் பணி, சிறுகதைகள், புதினங்கள் என இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1970இல் மகாராட்டிர மாநிலத்தில் நெசவுத்தொழில் மிகுந்த பிவண்டி நகரில் மதக்கலவரம் நிகழ்ந்தது. தமையனாருடைய பயணத்தையொட்டித் தாமும் அந்நகருக்குச் சென்ற சாஹ்னி, எரிந்த வீடுகளையும் ஓசையடங்கிய தறிகளையும் கண்டார். பிவண்டியின் சாம்பல் அவருக்குப் பிண்டியின் சாம்பலை நினைவூட்டிற்று. தில்லி திரும்பிய பின் புதினத்தை எழுதத் தொடங்கினார். எழுபதுகளின் முற்பகுதியில் வெளிவந்த அப்புதினம் 1975ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பின்னர் வெங்கட் சாமிநாதன் மொழிபெயர்ப்பில் தமிழுக்கும் வந்தது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பழைய காயம் ஒன்றைக் கிளறிப் பார்க்கும் ஆவலால் இப்புதினம் பிறக்கவில்லை. பழையது என்று எண்ணியிருந்த காயம் ஆறவே இல்லை என்று பிவண்டி காட்டிய பிறகே இது பிறந்தது. பழம்புண்ணைக் கீறுவது என்று பிற்காலத்தில் தொடர்மீது சுமத்தப்பெற்ற குற்றச்சாட்டுக்குரிய விடை, நூலின் பிறப்பிலேயே அடங்கியிருந்தது.

எண்ணும் எழுத்தும்

'தமஸ்' என்பது இருளைக் குறிக்கும் வடசொல். முக்குணங்களுள் ஒன்றாகத் தமிழ் நூல்கள் கூறும் தாமத குணத்தின் பெயரும் இதன் வழியே வந்தது. புறத்தே பரவும் இருள், அகத்தே மண்டும் அறியாமை என்னும் இரு பொருளும் புதினத்தின் தலைப்பில் இயைந்து நிற்கின்றன.

கதை ஓர் இரவில், ஒரு குடிசையில் தொடங்குகிறது. தோல் தொழிலாளியாகிய நத்து என்னும் ஏழை ஒரு பன்றியைக் கொல்லப் போராடிக்கொண்டிருக்கிறான். கால்நடை மருத்துவருக்கு வேண்டும் என்று சொல்லி முராத் அலி என்பவன் ஐந்து ரூபாயைக் கையில் திணித்து அவனை இவ்வேலைக்கு ஏவியிருக்கிறான். மறுநாட் காலையில் அப்பன்றியின் உடல் மசூதியின் படியில் கிடக்கிறது. ஊர் பற்றி எரியத் தொடங்குகிறது. தன் கை செய்த வேலையின் பொருள் நத்துவுக்கு அப்போதுதான் புலனாகிறது.

இதன் பின்னர்க் கதை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறிச் செல்கிறது. விடியற்காலையில் பாடிக்கொண்டு தெருத் துப்புரவு செய்யும் காங்கிரசுத் தொண்டர்கள், ஒரு கோழியைக் கொல்லப் பழக்கப்பட்டுப் பின் ஓர் எளிய வணிகனைக் கொல்லத் துணியும் சிறுவர்கள், தொல்பொருள் ஆய்வில் ஆர்வமும் ஊர் அமைதியில் அலட்சியமும் கொண்ட ஆங்கிலேய மாவட்ட ஆட்சியர் ரிச்சர்டு எனப் பலரும் வருகின்றனர். மூண்ட தீயை உரிய காலத்தில் அணைக்க மறுத்த ஆட்சியாளர், எல்லாம் எரிந்த பின்னர் விமானத்தைப் பறக்கவிட்டு அமைதியை நிலைநாட்டுகிறார்.

புதினத்தின் இறுதிப் பகுதியில் நிவாரண அலுவலகத்துக் காட்சி ஒன்று இடம்பெறுகிறது. ஊரூராக அகதிகள் வந்து தம் கதையைச் சொல்லி அழுகின்றனர். எதிரே அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு வேண்டுவது கதையன்று. இறந்தோர் எத்தனை, காயமுற்றோர் எத்தனை, எரிந்த வீடு எத்தனை என்னும் எண்ணே வேண்டும். நிவாரணப் பணியில் பயின்ற ஒருவராலன்றி இக்காட்சியை இவ்வளவு நுட்பமாகத் தீட்ட இயலாது. அவ்வெழுத்தர் கொடியவரும் அல்லர். தம் கடமையைச் செய்பவர். ஆயினும் எண்ணாகச் சுருங்கும்போது மனிதர் மறைந்துவிடுகின்றனர். எண்ணில் மறைந்தோரை எழுத்தில் மீட்பதே இலக்கியத்தின் பணி என்பதை ஆசிரியர் வெளிப்படக் கூறாமலேயே உணர்த்திவிடுகிறார்.

இயக்குநரின் தேர்வு

கோவிந்த் நிஹலானி 1940இல் கராச்சியில் பிறந்து, பிரிவினையால் குடும்பத்துடன் இடம்பெயர்ந்து உதயப்பூரில் வளர்ந்தவர். பெங்களூரில் ஒளிப்பதிவு பயின்று, குருதத்தின் ஒளிப்பதிவாளராகப் புகழ்பெற்ற வி. கே. மூர்த்தியிடம் உதவியாளராகத் தொழில் கற்றார். சியாம் பெனகலின் 'அங்கூர்' முதலிய படங்களின் ஒளிப்பதிவாளராகப் பெயர் பெற்றபின், 'ஆக்ரோஷ்' (1980), 'அர்த் சத்யா' (1983) ஆகிய படங்களை இயக்கினார். ரிச்சர்டு அட்டன்பரோவின் 'காந்தி' படப்பிடிப்பில் பணியாற்றியபோது தில்லியில் 'தமஸ்' புதினம் அவர் கைக்கு வந்தது. சிறுவயதிலேயே பிரிவினையின் வன்முறையை அறிந்தவர் ஆதலின், அதனைப் படமாக்கும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

திரைக்கதையை நிஹலானியே எழுதினார். புதினத்தை அப்படியே பெயர்த்து வைப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. சாஹ்னியின் சிறுகதைகளிலிருந்தும் சில பகுதிகளை எடுத்துத் திரைக்கதையில் சேர்த்தார். அவற்றுள் 'சர்தார்னி' என்னும் கதை குறிப்பிடத்தக்கது. கல்வியறிவற்ற சீக்கியப் பெண் ஒருத்தி, தன் அண்டை வீட்டு இசுலாமிய ஆசிரியரைக் காக்க வாளேந்தித் துணை நடக்கும் கதை அது.

அவர் செய்த மாற்றங்களுள் முதன்மையானது நத்துவைப் பற்றியது. புதினத்தில் நத்து தொடக்க இயல்களில் முழுமையாக வருகிறான். இடையில் சிறிது தோன்றுகிறான். பின்னர்க் கூட்டத்தில் கரைந்துவிடுகிறான். அமைதிக்குழுவின் பேருந்தில் ஒலிபெருக்கியுடன் அமர்ந்து ஒற்றுமை முழக்கமிடுபவன், பன்றியைக் கொல்ல ஏவிய அதே முராத் அலி என்பதை அடையாளம் காண நத்து உயிருடன் இல்லை என்று ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். அம்மரணம் எங்கு, எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு விளக்கமில்லை. எளியோரின் சாவு வரலாற்றில் பதிவாகும் விதமே அது என்பதால், புதினத்தில் அவ்வுத்தி கூர்மையாக அமைகிறது.

நிஹலானி இதனை மாற்றினார். நத்துவையும் கருவுற்ற அவன் மனைவி கர்மோவையும் தொடரின் நடுநரம்பாக்கினார். இயலாத தாயை முதுகில் சுமந்துகொண்டு, குற்றவுணர்வையும் நெஞ்சில் சுமந்துகொண்டு நத்து ஊரைவிட்டு நடக்கிறான். கதை மாந்தர் பலரையும் அந்நடை ஒரு நூலில் கோக்கிறது. இறுதியில் கர்மோ கணவனின் உடலைக் காண்கிறாள். அகதி முகாமில் அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. குழந்தையின் அழுகையும் மத முழக்கங்களும் ஒருங்கே ஒலிக்கத் தொடர் முடிகிறது.

இம்மாற்றத்தால் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. வாரந்தோறும் விட்டு விட்டுக் காணும் பார்வையாளர்க்குப் பற்றிக்கொள்ள ஒரு முகம் கிடைத்தது பேறு. ஐந்து ரூபாய்க்கு ஏவப்பெற்ற ஓர் ஏழையின் கண் வழியே கலவரத்தைக் காட்டியதால், தொடர் எம்மதத்தின் பக்கமும் சாயாது நின்றது. அதே வேளையில், ஒரு பன்றியும் ஒரு சூழ்ச்சியும்தான் ஊரை எரித்தன என்னும் எளிய முடிவுக்குப் பார்வையாளர் வந்துவிடும் இடரும் நேர்ந்தது. ஆயுதங்களும் ஐயங்களும் நெடுநாளாகவே சேர்ந்திருந்தன என்பதைப் புதினம் இன்னும் பரந்த அளவில் காட்டுகிறது. தொடரைக் கண்டோர் புதினத்தையும் கற்க வேண்டுவது இதனாலேயே.

வீடிழந்தோர் கூடிய தளம்

பிளேஸ் நிறுவனத்தாரின் தயாரிப்புத் துணையுடன் தொடர் உருவாயிற்று. ஒளிப்பதிவுக்குத் தம் ஆசிரியராகிய வி. கே. மூர்த்தியையே நிஹலானி அழைத்தார். 'காகஸ் கே பூல்' (1959) படத்தில் ஒளிக்கற்றையைக் கொண்டு கவிதை செய்தவர் மூர்த்தி. இருள் என்று பெயர் பெற்ற தொடருக்கு அவரினும் பொருத்தமான ஒளிப்பதிவாளர் கிடைத்திரார். இசை வன்ராஜ் பாட்டியா. இறைவனை விளித்து ஓலமிடும் மனிதக் குரலைத் தலைப்பிசையில் அவர் அமைத்தார். கதையின் அவலம் முதற்காட்சிக்கு முன்னரே செவி வழியாக உள்ளத்தை எட்டிவிடுகிறது.

நத்துவாக ஓம் புரி, கர்மோவாக தீபா சாஹி, சீக்கியர் தலைவர் தேஜா சிங்காக அம்ரீஷ் புரி, ஆங்கிலேய ஆட்சியராக பாரி ஜான், காங்கிரசுத் தலைவர் பக்ஷியாக ஏ. கே. ஹங்கல் ஆகியோர் நடித்தனர். பன்றியைக் கொல்ல ஏவும் சூழ்ச்சிக்காரர் வேடத்தைப் பங்கஜ் கபூர் ஏற்றார். இவர்களுள் பலர் நாடக மேடையில் பயின்றவர்கள். விளம்பரக் கவர்ச்சியுடைய திரை நாயகர் ஒருவரையும் இயக்குநர் நாடவில்லை.

பாத்திரத் தேர்வில் மிகவும் உருக்கமானது, ஹர்நாம் சிங் என்னும் முதிய சீக்கியர் வேடத்தைப் புதின ஆசிரியர் பீஷ்ம சாஹ்னியே ஏற்றதாகும். அவர் மனைவி பந்தோவாக நடித்தவர் தீனா பாட்டக். ஒரு சிற்றூரில் தேநீர்க்கடை வைத்துப் பிழைக்கும் இம்முதியவர்கள், இசுலாமிய நண்பர் ஒருவரின் எச்சரிக்கையால் கடையைப் பூட்டிவிட்டு, வளர்த்த மைனாவைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டு, இரவோடு இரவாக வெளியேறுகின்றனர். வேற்றூரில் ராஜோ என்னும் இசுலாமியப் பெண்மணி அவர்களுக்குத் தன் வீட்டில் அடைக்கலம் தருகிறாள். சிறிது நேரத்தில் அவள் கணவன் கொள்ளையடித்த பெட்டி ஒன்றுடன் வீடு திரும்புகிறான். அது ஹர்நாம் சிங்கின் கடையிலிருந்து எடுத்த பெட்டி. வீட்டார் பூட்டை உடைக்க முற்படும்போது, மேலே ஒளிந்திருக்கும் முதியவர் வெளிப்பட்டு, உடைக்க வேண்டாம் என்று சாவியை நீட்டுகிறார் எனப் புதினம் சித்திரிக்கிறது.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு வறுமை, இழவு, இளிவு, நிலைதிரிதலாகிய அசைவு என நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். சாவி நீட்டும் அந்த ஒரு செயலில் நான்கும் ஒருங்கே நிற்கின்றன. அங்கே கொடுமை மட்டும் இல்லை. கொள்ளையிட்டவனுக்கு நாணமும், காத்தவளுக்கு உறுதியும், இழந்தவர்க்குப் பெருந்தன்மையும் உள்ளன. மதக்கலவரம் பற்றிய படைப்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு இக்காட்சி ஓர் இலக்கணம். ராஜோவாக நடித்த சுரேகா சிக்ரி துணை நடிகைக்கான தேசிய விருது பெற்றார். வன்ராஜ் பாட்டியா இசைக்கான தேசிய விருதையும், படைப்பு முழுமையும் தேசிய ஒருமைப்பாட்டிற்கான நர்கிஸ் தத் விருதையும் பெற்றன.

இராவல்பிண்டியை இழந்த சாஹ்னி, கராச்சியை விட்டு வந்த நிஹலானி, கராச்சியில் வாழ்ந்து பிரிவினைக்குப்பின் பம்பாய் வந்த ஹங்கல் என வீடிழந்தோர் பலர் ஒரே தளத்தில் கூடிய படைப்பு இது. நாற்பதாண்டுக்கு முன் தாம் விட்டுவந்த ஊரை அரிதாரம் பூசிய முகத்துடன் மீண்டும் ஒருமுறை விட்டுச் செல்வது பீஷ்ம சாஹ்னிக்கு நடிப்பு மட்டுமாக இருந்திருக்க இயலாது.

நீதிமன்றம் கண்ட நாடகம்

1988இல் இந்திய வீடுகளுக்குத் தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சி. அதில் ஒளிபரப்பாவது நாடு முழுவதும் ஒரே நேரத்தில் காணப்பெறும். இராமானந்த சாகரின் 'இராமாயண்' ஞாயிறு தோறும் தெருக்களை வெறிச்சோடச் செய்துகொண்டிருந்த காலம் அது. பாஸ்கர் கோஷ் தலைமை இயக்குநராக இருந்த அக்காலத்தில் 'தமஸ்' ஒளிபரப்புக்கு ஏற்கப்பெற்றது. அனைவரும் காணலாம் என்னும் தணிக்கைச் சான்றும் பெற்றிருந்தது.

ஒளிபரப்புத் தொடங்கியவுடன் எதிர்ப்பும் தொடங்கியது. மதப்பகையைத் தூண்டும் என்றும், பொது அமைதி கெடும் என்றும் கூறித் தடை கோரினர். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் சனவரியில் இடைக்காலத் தடை விதித்தார். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் பி. லெண்டின், சுஜாதா மனோகர் ஆகியோர் தொடர் முழுவதையும் தாமே பார்த்தனர். பார்த்தபின் தடையை நீக்கினர்.

அவ்வழக்கில் எழுந்த வாதம் ஒன்று இலக்கியவாதிகள் கருத்தூன்ற வேண்டியது. நாட்டில் எழுத்தறியாதோர் மிகுதி. அவர்கள் இத்தகைய படைப்பைத் தவறாகப் புரிந்துகொள்வர் என்பதே அவ்வாதம். எழுத்தறியாமை வேறு, பகுத்துணரும் அறிவின்மை வேறு என்றனர் நீதிபதிகள். தீவிரவாதிகளின் சூழ்ச்சி கண்முன் நிகழ்ச்சியாக விரியும்போது அதனைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் எழுத்தறியாதவர்க்கும் உண்டு என்பது அவர்கள் கருத்து.

வழக்கு உச்சநீதிமன்றத்திற்கும் சென்றது. நீதிபதிகள் சப்யசாச்சி முகர்ஜி, எஸ். ரங்கநாதன் ஆகியோர் 1988 பிப்ரவரி 16ஆம் நாள் தடை கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தனர். நாகபுரி உயர்நீதிமன்றத்தில் விவியன் போஸ் முன்னர் வகுத்த அளவுகோலை அவர்கள் எடுத்தாண்டனர். ஒரு சொல்லின் விளைவை, எதிர்க்கருத்து ஒவ்வொன்றிலும் ஆபத்தைக் காணும் தளர்ந்த மனத்தைக் கொண்டு அளத்தல் கூடாது. அறிவும் உறுதியும் துணிவும் உடைய மனிதரைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது அவ்வளவுகோல். உண்மையை, அதன் தீமையும் விளைவும் புலப்படக் காட்டுவது மக்களுக்குப் படிப்பினையாகும் என்றும் அத்தீர்ப்பு கண்டது. படைப்புரிமை பற்றிய பிற்கால வழக்குகளிலும் இத்தீர்ப்பு மேற்கோளாக ஆளப்பெற்று வந்துள்ளது.

நிறைவாக

ஒளிபரப்பு முடிந்ததும் 'தமஸ்' நெடுங்காலம் தொலைக்காட்சியில் மீளவில்லை. முழுநீளப் படமாகவும் ஒளிப்பேழைகளாகவும் அறிந்தோரிடையே உலவிற்று. கால் நூற்றாண்டு கடந்து 2013 ஆகத்தில் ஹிஸ்டரி தொலைக்காட்சி அதனை எட்டுப் பகுதிகளாக மறு ஒளிபரப்புச் செய்தது. பீஷ்ம சாஹ்னி அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2003இல் மறைந்திருந்தார். மூர்த்தி 2014இலும், ஓம் புரி 2017இலும், சுரேகா சிக்ரியும் வன்ராஜ் பாட்டியாவும் 2021இலும் மறைந்தனர்.

இந்நாடகத்தின் வரலாறு படைப்பாளர்க்கு உணர்த்தும் செய்தி ஒன்றுண்டு. எழுதுவோர் ஒவ்வொருவரும் தம் மனத்தில் ஒரு வாசகரை வைத்துக்கொண்டே எழுதுகின்றனர். அவ்வாசகர் எளிதில் வெகுண்டெழுபவர், எதையும் திரித்துணர்பவர் என்று எண்ணி எழுதினால், எழுத்து அஞ்சிச் சுருங்கும். உண்மையைத் தாங்கவும் அதிலிருந்து கற்கவும் வல்லவர் என்று எண்ணி எழுதினால், எழுத்து நிமிரும். சாஹ்னி தம் வாசகரை அவ்வாறு மதித்தார். நிஹலானி தம் பார்வையாளரை அவ்வாறு மதித்தார். நீதிபதிகள் எழுத்தறியாக் குடிமகனையும் அவ்வாறே மதித்தனர். அம்மதிப்புக்கு உரியவர்களாக மக்களும் நடந்துகொண்டனர். தொடரால் நாடு எரியும் என்று அஞ்சப்பெற்ற அவ்வாரங்களில், கோடிக்கணக்கானோர் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அந்த இருளைக் கண்டனர், கண்டு அழுதனர்.